கும்பலில் தொலைந்தவர் குறித்து மகாசபைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
போட்டோ ஸ்டுடியோக்காரன்,
பேருந்து நிலையம் அருகில்,
உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
பெருங்குறிப் பெருமக்கள்,
உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்து மகாசபை,
வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம்,
மேற்படி ஊர்.

பொருள்: புகைப்படத்தில் செய்த திருத்தம் காணாமல் போனது – பட வாரியம் அமைத்துத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் தீர்மானம், பராந்தக சோழர் 12ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 919). 2. மேற்படி தீர்மானத்தின் திருத்தம், 14ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 921).

ஐயன்மீர்,

தாங்கள் கடைசியாகக் கூடிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த மனுவை எழுதுகிறேன். முதலில் மென்பொருள் நிறுவனத்துக்குத்தான் எழுதினேன். மூன்று நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. என் அனுபவம் அவர்களுக்கு மிக முக்கியமாம். ஆனால் இந்த மின்னஞ்சலுக்கு யாரும் பதில் போட வேண்டாமாம், அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் இல்லையாம். பதில் தராத விஷயத்தில் தாங்களும் அவர்களும் ஒன்றுதான். ஆனால் தங்கள் முகவரி ஆயிரத்து நூறு ஆண்டுகளாக மாறவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வந்து கொடுத்துவிடலாம். வழியில் டீயும் குடிக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் காலமானார். சுவரில் மாட்ட அவருடைய படம் வேண்டும். அந்த மனிதர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கலாம் என்று மகன் சொன்னான். பேரப்பிள்ளைகள் பயந்துவிடும் என்று மருமகள் மறுத்துவிட்டாள். கடைசியில் மகள் கல்யாணத்தில் நான் எடுத்த கும்பல் படம் ஒன்று அகப்பட்டது. பின்வரிசையில் பந்தல் நிழலில் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தார். எவளோ தூக்கி வைத்திருந்த குழந்தையின் கை நிழல் பாதி முகத்தில் விழுந்திருந்தது. அவரை மட்டும் வெட்டி எடுத்தேன். சாய்வை நிமிர்த்தினேன். நிழலைக் கரைத்து முகத்துக்கு வெளிச்சம் ஏற்றினேன். மூக்கின் மேல் இருந்த வியர்வைப் பளபளப்பை இறக்கினேன். கன்னத்து மருவை எடுத்துவிட்டேன்; எடுத்தபிறகு ஆள் மாறிப்போனதுபோல் இருக்கவே, மறுபடியும் கொண்டுவந்து வைத்தேன். ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட், லேமினேஷன், பிரேம். மறுநாள் சந்தன மாலையோடு சுவரில் ஏறிவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஓட்டு வீட்டுச் சுவர் ஊறி, பிரேமுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பெரியவரின் வீட்டம்மாள் பஸ் ஏறி வந்தார். "அதுக்கென்ன ஆயா, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, அஞ்சு நிமிசத்துல போட்டுத் தரேன்" என்றேன். அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை. திரையில் நாற்பது பேர் வந்து நின்றார்கள். பந்தல், நிழல், குழந்தையின் கை, எல்லாம் அப்படியே. ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடினார்.

"எங்க வூட்டுக்காரர் எங்கப்பா?"

"இதோ, பின்னாடி, இந்தக் கோடியில..."

"தனியா எடுத்துக் குடுத்தியே. மறுபடியும் ஏன் கும்பல்ல கொண்டுபோய் உட்ட?"

பெருமக்களே, நான் விடவில்லை. யார் விட்டார்கள் என்பதுதான் இந்த மனு.

தாங்கள் கல்லும் ஓலையும் அறிந்தவர்கள், கம்ப்யூட்டர் அறியாதவர்கள். ஆகையால் சங்கதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மென்பொருள்களில் படத்தைத் திருத்தி 'சேவ்' கொடுத்தால், திருத்தம் படத்தின் மேலேயே ஏறிவிடும், மூலம் அழிந்துவிடும். அதுவும் ஜேபெக் வகைப் படமாக இருந்தால், ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கம் உதிரும், பத்து தரம் துவைத்த வேட்டிபோல. இது ஆபத்து என்று புத்திசாலிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூலத்தைத் தொடவே மாட்டோம். 'இங்கே வெட்டு, இவ்வளவு நிமிர்த்து, இவ்வளவு வெளிச்சம் ஏற்று' என்று கட்டளைகளை மட்டும் தனியாக ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொள்வோம். படத்தைத் திறக்கும்போதெல்லாம் குறிப்பைப் படித்து, திருத்தியதுபோல் காட்டுவோம் என்றார்கள். அருமையான யோசனை. குற்றம் சொல்ல முடியாது. குறிப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என்னுடைய மென்பொருள் (பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் அப்டேட் வந்து நிற்கும்) படங்களை நான் வைத்த டி டிரைவிலேயே விட்டுவிட்டு, குறிப்புகளை மட்டும் சி டிரைவின் உள்ளறை ஒன்றில், ஒரே ஒரு கோப்பில் மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்தது. பத்தாண்டுக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, அத்தனை பேரின் முகத்துக்கும் நான் செய்த கைவேலை முழுக்க அந்த ஒரே கோப்பில். கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாளில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சர்வீஸ் பையன் வந்தான். "அண்ணே, கவலைப்படாதீங்க. சி டிரைவ மட்டும்தான் ஃபார்மேட் அடிச்சேன். போட்டோ எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரியம் என்னும் குழுவுக்கு ஆள் தேரக் குடத்தில் இட்ட பெயரோலையை எடுக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைத்தானே தாங்களும் அழைத்தீர்கள்? என் பையனும் அதே தகுதியோடு குடத்துக்குள் கையை விட்டான். ஓலைகளோடு குடமே போய்விட்டது.

என் பங்கு தவறையும் சபை முன் மறைக்கமாட்டேன். வாரம் ஒருமுறை அந்த மென்பொருள் 'குறிப்புகளுக்கு நகல் எடுத்து வைக்கட்டுமா?' என்று கேட்டது. வெளியே வாடிக்கையாளர் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக் காத்திருக்கும்போது கேட்டது. நான் ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்பதை அழுத்தினேன். அப்படி எத்தனை பிறகுகள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு, அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு இரண்டு ராத்திரி தேடினேன். மேலே புது விண்டோஸ் எழுதியாகிவிட்டதால் கிடைத்தது துண்டும் துக்கடாவும். அதில் ஒன்று, 2017இல் யாரோ ஒரு குழந்தையின் முகத்துக்கு நான் ஏற்றிய வெளிச்சத்தின் அளவு. குழந்தை யார் என்று தெரியவில்லை.

என் அப்பா காலத்தில் இது நெகட்டிவ். முகத்தில் சுருக்கம், தழும்பு இருந்தால் நெகட்டிவ் மேல் ஒரு மருந்தைத் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். டச்சிங் என்று பெயர். பிடிக்கவில்லை என்றால் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு ஒரு துடைப்பு. பென்சில் போய்விடும், முகம் பழையபடி நிற்கும். மூலம் கெடாமல் திருத்துவதை அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள்; எங்கள் கடையின் இருட்டறையில் அது டர்பன்டைன் பாட்டில் பக்கத்தில் கிடந்தது. முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. டச்சிங் நெகட்டிவ் மேலேயே இருந்தது. நெகட்டிவை எங்கே கொண்டுபோனாலும் அதுவும் கூடவே போனது. வெண்ணெய்க் காகித உறை, உறைமேல் நம்பர், நோட்டில் பெயர். சுருட்டி வைத்த இடத்தில் கரையான் வரும், அது வேறு கதை.

இனி, தங்களிடம் வந்த காரணம்.

தங்கள் மண்டபத்துச் சுவரைப் பலமுறை படம் எடுத்திருக்கிறேன். வெளியூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்தால் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கவைத்து எடுப்பதுதான் வழக்கம். பின்னால் இருந்த எழுத்தை நான் பல வருடம் டிசைன் என்றே நினைத்திருந்தேன். ஒரு தமிழாசிரியர்தான் உட்கார வைத்துச் சொன்னார். 919இல் தாங்கள் ஒரு தீர்மானம் செய்தீர்கள். முப்பது குடும்பு, அதாவது வட்டம்; குடும்புக்கு ஓலை எழுதிக் குடத்தில் இட்டு ஆள் எடுப்பது, வாரியத்துக்கு வருபவருக்கு வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தினீர்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்றாயிற்று. (இடையில் சபையின் பெரிய தலை யாருக்கோ அறுபத்தொன்று ஆகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்க மாட்டேன்.) தகுதியற்றவர் பட்டியலும் நீண்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுவல்ல. திருத்தியபிறகு பழைய தீர்மானத்தைத் தாங்கள் செதுக்கி அழிக்கவில்லை. அதே கோயில் சுவரில் இரண்டும் இருக்கின்றன. மூலம் இது, திருத்தம் இது, இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்ன அதிகாரி உடனிருக்க. எழுதியவன் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப் பிரியன் என்று ஆள் பெயர் உட்பட. அண்ணே, தமிழாசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் மனசுக்குள் நினைத்தது ஒன்றுதான்: இவர்கள் குறிப்பைப் படத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்! சி டிரைவில் வைக்கவில்லை! (சபையை 'அண்ணே' என்றது ஸ்டுடியோப் பழக்கம், மன்னிக்கவும்.) 1898இல் கல்வெட்டுத் துறையார் வந்து ஈரத்தாள் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்துப் போனார்கள். குறிப்புக் கோப்பு எங்கே, பாஸ்வேர்டு என்ன, சந்தா கட்டினாயா என்று சுவர் அவர்களைக் கேட்கவில்லை.

என் ஒருவனின் குறையாக இருந்தால் சபையைக் கூட்டச் சொல்லியிருக்கமாட்டேன். வெளியுலகிலும் நடந்திருக்கிறது. பிகாசா என்று ஒரு மென்பொருள். 2004இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகத் தந்தது. நாட்டில் பாதி ஸ்டுடியோக்காரன் அதில்தான் படம் பார்க்கப் பழகினான். அது திருத்தக் குறிப்பை ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் 'பிகாசா.ஐஎன்ஐ' என்ற சின்னக் கோப்பில் எழுதியது. 'சேவ்' கொடுத்தால் திருத்தத்தைப் படத்தில் ஏற்றிவிட்டு, மூலத்தை அங்கேயே 'பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற அறையில் பத்திரப்படுத்தியது. நல்ல குணம்தான், தங்கள் சுவர் மாதிரி. ஒரே சங்கடம், இரண்டையும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்தது. தெரிந்த படங்களை மட்டும் தேர்ந்து பென் டிரைவில் ஏற்றியவன், தெரியாததை விட்டுவிட்டுப் போனான். 2016 மார்ச்சோடு கூகுள் அதற்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஐஎன்ஐ கோப்பு இன்னும் அங்கங்கே கிடக்கிறது. படிக்கத் தெரிந்த புலவர்தான் குறைந்துகொண்டே போகிறார். வட்டெழுத்துக்கு ஆன கதி பன்னிரண்டே ஆண்டில்.

ஆப்பிள் நிறுவனம் 2005இல் அப்பர்ச்சர் என்று ஒன்றைக் கொண்டுவந்து, 2014இல் இனி வளர்க்கமாட்டோம் என்றது. அங்கிருந்து அடோபியின் லைட்ரூமுக்கு மூட்டை கட்டியவர்களுக்குப் படம் வந்தது, ஆல்பம் வந்தது, செய்த திருத்தம் மட்டும் திருத்தமாக வரவில்லை. ஒருவர் எழுதிய கட்டளை இன்னொருவருக்குப் புரியாது. அந்த லைட்ரூமிலேயே 2020 ஆகஸ்ட்டில் ஐபோனுக்கு வந்த 5.4 அப்டேட், மேகத்துக்கு இன்னும் ஏறியிராத படங்களையும் திருத்த அமைப்புகளையும் துடைத்துவிட்டது. அடோபி மன்னிப்புக் கேட்டது, போனதை மீட்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. மேகம் என்பது இங்கே உருவகம். தங்களுக்குத் தெரிந்த மேகம் நம் ஊர் ஏரியான வைரமேகத் தடாகத்தை நிரப்பியது. இது மாதாமாதம் கார்டில் இருந்து உறிஞ்சுகிறது.

ஆகவே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்ற வரிசையில் பட வாரியம் என ஒன்றையும் ஏற்படுத்தித் தர வேண்டுகிறேன். தகுதி விதிகளுக்கு நான் மெனக்கெட வேண்டியதில்லை, தாங்களே செய்து வைத்திருக்கிறீர்கள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடத்தில் ஓலை இடக்கூடாது. அவன் மட்டுமல்ல, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன் என்று உறவுமுறை சொல்லி அத்தனை பேரையும் தள்ளி வைத்தீர்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மென்பொருளை மூடிவிட்டு, பழைய குறிப்புக்குக் கணக்குச் சொல்லாமல், அடுத்த மாதமே வேறு பெயரில் அத்தை மகனை அனுப்பி 'பதினைந்து ஜிபி இலவசம்' என்று கதவைத் தட்டும் ஆட்களுக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. கூடலேகை, அதாவது கள்ளப் பத்திரம் எழுதியவனுக்கும் தடை வைத்தீர்கள். அது என்னைப் போன்றவர்களுக்கு. கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவை ஆல்பத்தில் சேர்த்துத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கிப் போனவர்கள் இந்த ஊரிலேயே உண்டு. அந்த வழக்கில் என்னைக் கழுதைமேல் ஏற்றினாலும் ஏறிக்கொள்கிறேன், திருத்தியதற்குத் தனிக் குறிப்பு இருக்கவேண்டும் என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

வாரியம் செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. திருத்தக் குறிப்பு படத்தின் பக்கத்திலேயே, அதே பெயரில், கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கவேண்டும். இதற்கான பொது எழுத்துமுறைகூட இருக்கிறது. எக்ஸ்எம்பி என்று பெயர், அடோபி 2001இல் கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. லைட்ரூமிலேயே அந்த வசதி உண்டு. ஆனால் வாங்கும்போது அணைத்து வைத்திருப்பார்கள், நாம்தான் உள்ளே போய்த் தேடி ஏற்றவேண்டும். வீட்டை விற்றவன் வாசற்படி விளக்கின் ஸ்விட்சைப் பரணில் வைத்ததுபோல. அப்புறம், வேலை முடிந்த படத்தை முழு அளவில் தனிப் படமாக ஒன்று எடுத்து வைக்கவேண்டும் என்பதை எனக்கு யாராவது அன்றைக்கே கல்லில் வெட்டிக் கொடுத்திருக்கலாம். பிரிண்டுக்கு அனுப்பிய கோப்பை 'இடம் அடைக்கிறது' என்று நானேதான் அழித்தேன். இடம் அடைத்தது நான்கு எம்பி.

நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். அந்த மென்பொருளை ஏற்றும்போது 'உள்ளது உள்ளபடி' தருகிறோம், இழப்புக்குப் பொறுப்பில்லை என்று நீளமாக ஒரு சாசனம் வந்தது. தங்கள் இரண்டு கல்வெட்டையும் சேர்த்தால்கூட அவ்வளவு நீளம் வராது. அதன் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினேன். படிக்கவில்லை. படித்தவர் எவராவது இருந்தால் அவரை வாரியத் தலைவராக்கிவிடலாம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், தங்களையும் நான் முழுசாக நம்பி வரவில்லை. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று பிரதமரே இந்த ஊர்க் கல்வெட்டைச் சொல்லிப் பேசினார். அது முதல் கேமராவோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், எனக்கும் நாலு பிரிண்ட் போகிறது, நன்றி. ஆனால் தங்கள் குடத்துக்குள் ஓலையாகப் போக, வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வாடகைக் கடை. ஆயாவின் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. அவர் வீட்டுக்காரர் பெயரும்தான். சபையின் கும்பல் படத்தில் அவர்கள் பின்வரிசையில்கூட இல்லை. அதைத் திருத்த எந்த மென்பொருளும் இல்லை. இருந்தும் வருகிறேன். தப்பு செய்தாலும் அந்தத் தப்பைச் சுவரில் விட்டுவைத்திருக்கிறீர்களே, அதனால்.

ஆயாவுக்கு என்ன செய்தேன் என்று சபை கேட்கும். மறுபடியும் உட்கார்ந்தேன். வெட்டினேன், நிமிர்த்தினேன், நிழலைக் கரைத்தேன், மருவை இந்த முறை தொடவே இல்லை. ஒரு மணி நேரம். பழையதைவிட நன்றாகவே வந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆயா பிரிண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு மாதிரிதாம்பா கீது."

"அவரேதான் ஆயா."

"இல்ல. சொவுத்துல இருந்தவரு கொஞ்சம் சிரிச்சாப்புல இருப்பாரு."

நான் சிரிப்பு எதுவும் சேர்க்கவில்லை. உதட்டோரத்து நிழலை அன்றைக்கு எவ்வளவு கரைத்தேனோ, அதில் தற்செயலாக வந்திருக்க வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்பது குறிப்பில் இருந்தது. இப்போது ஒன்றொன்றாக ஏற்றி இறக்கிப் பார்க்கிறேன்; ஏழு பிரிண்ட் போட்டாகிவிட்டது. ஆயா செவ்வாய்க்கிழமை வரும்போதெல்லாம் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போகிறார். காசு வாங்கவில்லை.

சபை கூடும் நாளைப் பறை அறைந்து தெரிவித்தால் கடையை மூடிவிட்டு வருகிறேன். முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ஸ்டுடியோக்காரன்.

இணைப்பு: கும்பல் படம் ஒன்று (மூலம்). மேற்படியார் பின்வரிசையில், இடமிருந்து ஏழாவது.